அபராதத்தை ஏற்றினால் பாலாறு தெளியுமா?

மழை பெய்தால் பாலாற்றில் நுரை மிதக்கும் படம் செய்தித்தாளில் வரும். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை என்று ஊர்தான் மாறும். மறுநாள் டீக்கடையில் தீர்ப்பும் தயார்: "அபராதத்தை ரெட்டிப்பாக்குங்க, எல்லாம் சரியாயிடும்." ஆட்டக் கோட்பாட்டில் கலப்பு உத்திச் சமநிலை என்று சொல்வதைக் கணக்குப் போட்டுப் பார்த்தவர்கள் இதைக் கேட்டால் கொஞ்சம் தயங்குவார்கள்.

நம்பிக்கை: யாராவது ஒருவர் ஒரே முடிவில் நிற்காவிட்டால் சமநிலை இல்லை.

மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் ஆய்வாளர் தினமும் வருவார் என்றால் தோல் பதனிடும் டேனரி கழிவுநீரை ஒழுங்காகப் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்கு அனுப்பும். ஒழுங்காக அனுப்புகிறது என்றால் அவர் வருவது வீண் செலவு. வரமாட்டார் என்றால் ராத்திரியில் கால்வாய்ப் பக்கம் திறந்துவிடத் தோன்றும். திறந்தால் அவர் வருவார். இப்படியே சுற்றும். ஆனால் சமநிலை, அதாவது தன் வழியைத் தனியாக மாற்றி யாரும் லாபம் பார்க்க முடியாத நிலை, இதிலும் உண்டு. ஆட்டக்காரர்களும் அவர்களுக்குள்ள வழிகளும் எண்ணிவிடக்கூடிய அளவில் இருந்து, வழிகளை ஏதோ ஒரு விகிதத்தில் கலந்து ஆடலாம் என்று விட்டால், குறைந்தது ஒரு சமநிலையாவது இருக்கும் என்று ஜான் நாஷ் 1950-இல் நிறுவிவிட்டார்.

நம்பிக்கை: கலப்பு என்றால் பாதிக்குப் பாதி; அல்லது அவரவர் லாபத்தைப் பார்த்து அவரவர் விகிதத்தை வைப்பது.

இரண்டும் இல்லை. கணக்குக்காகச் சில தொகைகளை வைத்துக்கொள்வோம். கழிவைத் திறந்துவிட்டால் டேனரிக்கு ஒரு ராத்திரிக்கு 20,000 ரூபாய் மிச்சம். பிடிபட்டால் அபராதம் 1,00,000. வாரியத்துக்கு ஒரு சோதனைக்கு வண்டி, ஆள், மாதிரி பரிசோதனை எல்லாம் சேர்த்து 5,000 செலவு. மீறலைக் கையும் களவுமாகப் பிடித்தால் வாரியத்துக்கு அது 50,000 பெறும். அபராதம் அரசுக் கணக்குக்குப் போகிறது, வாரியத்தின் கைக்கு வருவதில்லை.

சோதனைக்கான வாய்ப்பு ஐந்தில் ஒன்று என்றால் டேனரிக்கு எதிர்பார்க்கும் அபராதம் 20,000. மிச்சமும் அதே 20,000. திறந்தாலும் ஒன்றுதான், திறக்காவிட்டாலும் ஒன்றுதான். மீறலுக்கான வாய்ப்பு பத்தில் ஒன்று என்றால் வாரியத்துக்கும் போவதும் போகாததும் சமம்: 50,000-இல் பத்தில் ஒரு பங்கு 5,000. ஐந்தில் ஒன்று, பத்தில் ஒன்று. இதுதான் சமநிலை.

ஐந்தில் ஒன்று என்ற வாரியத்தின் விகிதத்தை எங்கிருந்து எடுத்தோம்? டேனரியின் மிச்சத்திலிருந்தும் அபராதத்திலிருந்தும். டேனரியின் விகிதம் வாரியத்தின் செலவிலிருந்தும் பலனிலிருந்தும் வந்தது. ஒருவரின் கலப்பு விகிதத்தை எதிராளியின் வரவுசெலவே முடிவு செய்கிறது. முதல்முறை கேட்கும் எவருக்கும் இது தலைகீழாகத்தான் தோன்றும்.

நம்பிக்கை: அபராதம் ஏறினால் மீறல் குறையும்.

1996 ஆகஸ்ட் 28 அன்று, வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான உச்ச நீதிமன்ற அமர்வு தீர்ப்பளித்தது. மாசுபடுத்துபவரே ஈடு கட்ட வேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தில் ஊன்றிய தீர்ப்புகளில் அது ஒன்று. வடாற்காடு உள்ளிட்ட ஐந்து மாவட்டங்களின் டேனரிகள் ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதித்தார்கள். தொகை சிறிது என்று தோன்றலாம். சரி, நம் கணக்கில் ஏற்றிப் பார்ப்போம்.

அபராதம் 2,00,000 ஆனால் டேனரியைத் தராசில் சமமாக நிறுத்தப் பத்தில் ஒரு சோதனை போதும். மீறல்? வாரியத்தின் செலவும் பலனும் மாறவில்லையே. அதனால் அது பத்தில் ஒன்றிலேயே நிற்கிறது. பெரிய அபராதம் ஆய்வாளரின் நடையைத்தான் குறைத்தது.

அதற்காக அபராதமே வெட்டி என்று நினைக்க வேண்டாம். இரு தரப்பும் ஒரே நேரத்தில், ஒருவருக்கொருவர் ஈடுகொடுத்து ஆடும்போதுதான் இந்தக் கணக்கு. ஐந்தில் ஒன்றுக்குச் சற்று மேலேயே போவோம், இறங்க மாட்டோம் என்று வாரியம் முன்கூட்டியே அறிவித்து, அதை டேனரிகளும் நம்பினால், திறந்துவிடுவது நஷ்டம். அப்போது அபராதம் வேலை செய்யும். நீதிமன்ற மேற்பார்வைக்கு இருக்கும் பலம் இந்தக் கட்டுப்பாட்டில் இருக்கிறது என்பது என் எண்ணம். மாறாக, சோதனைச் செலவு 5,000-லிருந்து 2,500-க்கு இறங்கினால் யாரும் எதுவும் அறிவிக்காமலே மீறல் இருபதில் ஒன்றாகிவிடும். ஆனால் பரிசோதனைக் கூடத்துக்கு ஆள் கேட்டு யாரும் மறியல் செய்து நான் பார்த்ததில்லை.

நம்பிக்கை: கலப்பு உத்தி என்றால் எல்லாப் பெயரையும் ஒரே குடத்தில் போட்டுக் குலுக்குவது.

குஜராத்தில் இதைச் செய்தே பார்த்தார்கள். எஸ்தர் டுஃப்லோ, மைக்கேல் கிரீன்ஸ்டோன், ரோகிணி பாண்டே, நிக்கோலஸ் ரயான் நால்வரும் அங்குள்ள மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தோடு சேர்ந்து, சில ஆலைகளுக்குச் சோதனையை இரு மடங்காக்கி, கூடுதல் சோதனைகளைக் குலுக்கல் முறையில் ஒதுக்கினார்கள். 2018-இல் முடிவை வெளியிட்டார்கள். ஒழுங்கு கொஞ்சம்தான் கூடியது. அதிகாரிகள் தாங்களே தேர்ந்து போகும் சோதனை, அதே எண்ணிக்கையிலான குலுக்கல் சோதனையைவிட மூன்று மடங்கு மாசைக் குறைக்கும் என்று அவர்கள் மதிப்பிட்டார்கள். யார் அதிகம் அழுக்கு என்று அதிகாரிகளுக்கு ஓரளவு தெரிந்திருந்தது. சந்தேகமான இடத்துக்குக் கூடுதல் எடை, எந்த ராத்திரி என்பதில் மட்டும் குலுக்கல் என்பதும் கலப்பு உத்திதான்.

அந்தக் குலுக்கலை மனசுக்குள் போடக் கூடாது என்பது இன்னொரு விஷயம். நேற்று ஒரு இடத்துக்குப் போனவர் இன்று அங்கே போக மாட்டார். மனிதர்கள் தாமாக ஆடும்போது திரும்பத் திரும்ப ஒன்றையே எடுக்கத் தயங்குவார்கள். வாசல் காவலாளிக்கும் அது தெரியும். இதைத் தவிர்க்கக் குலுக்கலைக் கணினியிடம் விடலாம்: லாஸ் ஏஞ்சலஸ் விமான நிலையத்தில் 2007-லிருந்து சோதனைச் சாவடிகளை எங்கே, எப்போது போடுவது என்று அட்டவணை எழுதிக் கொடுத்தது மிலிந்த் தாம்பேயின் குழு செய்த கணினி நிரல். சாவடியில் நின்ற போலீஸ்காரருக்கும் அடுத்த வாரம் எங்கே நிற்கப் போகிறோம் என்று ஊகிக்க முடிந்திருக்காது.