உருளையால் இறுகும் கற்காரை

புதுக்கோட்டை மாவட்டத்தின் பெரும்பகுதி வற்றாத ஆறு பாயாத, வானம் பார்த்த பூமியாகும். ஆதலின், அங்கு வாழ்ந்த முன்னோர் மழைநீரைக் கண்மாய்களில் தேக்கி உழவு செய்தனர். நகரை அடுத்துள்ள கவிநாட்டுக் கண்மாய் அவற்றுள் பெரியதொன்று. வெட்டிய மண்ணை ஒருங்கே குவித்துவிட்டால் அது கரையாகிவிடாது. அதனை அடுக்கடுக்காகப் பரப்பி, ஈரம் பதமாக உள்ளபொழுதே மிதித்தும் இடித்தும் இறுக்குதல் வேண்டும். இடைவெளியின்றி இறுகிய மண்ணே நீரைத் தாங்கி நிற்கும்.

இம்முறையோடு ஒத்த முறையொன்று இக்காலத்துக் கற்காரை அணைகளிலும் கையாளப்படுகிறது. சிமிட்டி, மணல், உடைகல், நீர் ஆகிய நான்கும் கலந்தது கற்காரை. வழக்கமான கற்காரை கூழ்போல் நெகிழ்ந்திருக்கும். உருளையால் இறுக்கப்படும் கற்காரையோ, ஈரமண்போல் பொலபொலவென்று இருக்கும். அதில் நீரும் சிமிட்டியும் குறைவு. சிமிட்டியின் ஒரு பகுதிக்கு ஈடாக அனல்மின் நிலையச் சாம்பலையும் சேர்ப்பர். இக்கலவையை ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் அடுக்குகளாகப் பரப்பி, அதிரும் எஃகு உருளைகளை அதன்மேல் செலுத்துவர். சிமிட்டி நீரோடு சேருங்கால் வெப்பம் பிறக்கும். பேரணைகளில் அவ்வெப்பமே வெடிப்புக்குக் காரணமாதலுண்டு. சிமிட்டி குறையின் வெப்பமும் குறையும். வேலையும் விரைந்து முடியும். அமெரிக்க நாட்டின் வில்லோ கிரீக் அணை 1982ஆம் ஆண்டில் இம்முறையில் எழுந்தது. நம் நாட்டில் மகாராட்டிர மாநிலத்துக் காட்கர் நீர்மின் திட்டத்தின் அணைகள் இவ்வாறு கட்டப்பெற்றவை.

இனி, இக்கற்காரையின் வலிமையை அறியும் வகையைக் காண்போம். 15 சென்டிமீட்டர் பக்கமுள்ள கனசதுரக் கட்டியை 28 நாள் பதப்படுத்தி, பொறியில் வைத்து மெல்ல மெல்ல அமுக்குவது வழக்கம். ஆனால், நிலநடுக்கமும் வெடியும் மெல்ல வருவன அல்ல, நொடிப்பொழுதில் தாக்குவன. அத்தகைய விரைந்த தாக்குதலை ஆராய, 1914ஆம் ஆண்டில் ஆப்கின்சன் என்னும் ஆங்கிலேய அறிஞர் எஃகுத் தண்டொன்றைப் பயன்படுத்தினார். 1949ஆம் ஆண்டில் கோல்சுகி என்பார் இரு தண்டுகளின் இடையே பொருளை வைத்துத் தாக்கும் முறையை வகுத்தார். கற்காரையை இம்முறையில் இன்றும் ஆராய்கின்றனர்.

அவ்வாராய்ச்சி வியப்பான உண்மையொன்றைக் காட்டுகிறது. மெல்ல அமுக்கினால் உடையும் சுமையிலும் மிகுந்த சுமையை, விரைந்து தாக்குங்கால் கற்காரை தாங்குகிறது. தாக்கும் வேகம் மிக உயரின், வலிமை இரு மடங்கை எட்டுவதும் உண்டு. இதற்குக் காரணம் யாது? காலம் உள்ள வழிப்போக்கன் முள்வேலியைச் சுற்றிச் செல்வான். புலி துரத்த ஓடுபவனோ வேலியை ஊடுருவிப் பாய்வான். அதுபோல, மெல்ல அமுக்குங்கால் வெடிப்பானது வலிய கற்களை விலக்கி, மெலிந்த இடம் தேடிப் படரும். விரைந்து தாக்குங்கால் அதற்குக் காலம் இல்லை. கற்களையும் பிளந்தே செல்ல வேண்டும். பல வெடிப்புகள் ஒருங்கே தோன்றும். எனவே, மெல்ல உடைந்த கட்டி சில துண்டுகளாக, விரைந்து உடைந்த கட்டி எண்ணற்ற சிதறல்களாகிறது.

இது கேட்டு, அணைக்கு இனி அச்சமில்லை எனக் கருதுதல் தகாது. அடுக்குக்கும் அடுக்குக்கும் இடைப்பட்ட பொருத்து, இக்கற்காரையின் மெலிந்த இடமாகும். கீழடுக்கு இறுகிய பின் காலந்தாழ்த்தி மேலடுக்கை இட்டால் இரண்டும் ஒன்றாகா. மேலும், உருளை செவ்வனே செல்லாது நூற்றுக்கு ஐந்து பங்கு வெற்றிடம் எஞ்சினும், வலிமையில் ஏறத்தாழ 30 விழுக்காடு குறைந்துவிடும். அமுக்கத்தைத் தாங்கும் கற்காரை, இழுவிசைக்கு எளிதில் விரிவதும் இயல்பு.

1967ஆம் ஆண்டு திசம்பர் 11ஆம் நாள் விடியற்காலையில் மகாராட்டிரத்துக் கொய்னாப் பகுதி நடுங்கியது. ஏறத்தாழ 180 மக்கள் மாண்டனர். அங்கிருந்த 103 மீட்டர் உயர அணை உருளை முறையில் கட்டப்பெற்றதன்று. கருங்கல்லும் கற்காரையும் கலந்து கட்டியது. அதன் மேற்பகுதியில் கிடையான வெடிப்புகள் தோன்றின. எனினும் அணை நீரை விடாது காத்து நின்றது. பின்னர் அது வலுப்படுத்தப்பெற்றது. அணை உடைந்திருப்பின் விளைந்திருக்கும் கேடு சொல்லுந்தரத்ததன்று.

கண்மாய்க் கரையில் மண்ணை மிதித்தவனும், இன்று உருளையைச் செலுத்துபவனும் செய்யும் தொழில் ஒன்றே. ஓர் அடுக்கில் ஒருவன் காட்டும் சோம்பல், பல்லாண்டு கழித்து, கீழே உறங்கும் ஊரைத் தாக்கக்கூடும். மேலடுக்கு மூடியபின் கீழடுக்கின் குறையைக் கண்டறிதல் அரிது. ஆதலின், பிறர் காணாத இடத்தும் செம்மையாகச் செய்யப்படும் வேலையே அணைக்கு முதல் வலிமை எனக் கொள்க.