‘கூட்டணி’ என்னும் சொல்லும் சிறுகட்சியின் ஏற்றமும்: 2006 தேர்தல் பரப்புரையில் தே.மு.தி.க.

முன்னுரை

1977 முதல் தமிழகச் சட்டமன்றத் தேர்தல்கள் தி.மு.க., அ.தி.மு.க. என்னும் இரு கட்சிகளை மையமிட்டே நடந்துவந்தன. ஏனைய கட்சிகள் பெரும்பாலும் இவற்றுள் ஒன்றைச் சார்ந்து களம் கண்டன. இந்நிலையில், 14.09.2005 அன்று மதுரையில் நடிகர் விஜயகாந்த் தொடங்கிய தேசிய முற்போக்கு திராவிடக் கழகம், எட்டு மாதங்களுக்குள் தேர்தலைத் தனித்துச் சந்தித்து 8.38 விழுக்காடு வாக்குகளைப் பெற்றது. இவ்வேற்றத்தில் பரப்புரைச் சொற்களுக்கு இருந்த பங்கையும், பின்னர் அச்சொற்கள் வலுவிழந்த நிலையையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

பெயரும் பட்டமும்

தமிழக அரசியலில் ‘தேசியம்’ காங்கிரசு மரபையும், ‘திராவிடம்’ அதற்கு எதிராக வளர்ந்த மரபையும் குறித்து நின்றவை. எதிரெதிராக வழங்கிய இவ்விரு சொற்களையும் தே.மு.தி.க. ஒரே பெயருக்குள் இணைத்தது. தலைவரின் பட்டமும் இவ்வாறே அமைந்தது. திரையுலகில் அவருக்கு வழங்கிய ‘புரட்சிக் கலைஞர்’ என்பதில், எம்.ஜி.ஆரையும் ஜெயலலிதாவையும் நினைவூட்டும் ‘புரட்சி’யும், மு. கருணாநிதியைக் குறிக்கும் ‘கலைஞர்’ என்பதும் ஒருங்கே உள்ளன. ‘கறுப்பு எம்.ஜி.ஆர்.’ என்ற அடைமொழியும் பரப்புரையில் வழங்கியது. ஆகவே, இரு கட்சிகளுக்கும் மாற்று எனத் தன்னை முன்வைத்த கட்சி, அவ்விரண்டும் பழக்கப்படுத்திய சொற்களைக் கொண்டே வாக்காளரை அணுகியது எனலாம்.

‘கூட்டணி’: பொருள் மாற்றம்

தேர்தல் வழக்கில் ‘கூட்டணி’ என்பது கட்சிகளுக்கிடையிலான தொகுதி உடன்பாட்டைக் குறிக்கும். தம் கூட்டணி மக்களோடும் தெய்வத்தோடும் மட்டுமே என விஜயகாந்த் மேடைதோறும் கூறியபோது, அச்சொல் பேரத்தின் பொருளை நீக்கி உறவின் பொருளை ஏற்றது. துணைக் கட்சியின்மை என்னும் குறை, தனித்து நிற்கும் துணிவாக மாற்றிக் காட்டப்பட்டது. மற்றக் கட்சிகளைத் தனித்தனியே விமரிசிக்காமலே, அவை அனைத்தையும் பேரம் பேசுவோர் வரிசையில் நிறுத்த இவ்வொரு சொல் போதுமானதாயிற்று.

வாக்கும் இடமும்

ஏறத்தாழ 27 லட்சம் வாக்குகள் பெற்றும், 2006இல் கட்சிக்குக் கிடைத்தது ஓரிடமே. பா.ம.க. செல்வாக்குப் பெற்றிருந்த விருத்தாசலத்தில் விஜயகாந்த் மட்டும் வென்றார். மாநிலக் கட்சி என்னும் ஏற்பிற்கு அன்றைய விதி 6 விழுக்காடு வாக்குகளுடன் 2 இடங்களையும் வேண்டியது. எனவே அவ்வேற்பும் கிட்டவில்லை. 8 விழுக்காடு வாக்குகளே போதும் என்னும் விதி 2011இல்தான் சேர்க்கப்பட்டது. தனித்துநின்ற 2009 நாடாளுமன்றத் தேர்தலில் வாக்கு ஏறத்தாழ 10 விழுக்காடாக உயர்ந்தும் ஓரிடமும் வாய்க்கவில்லை.

2011இல் அ.தி.மு.க.வுடன் உடன்பாடு கண்டு 41 தொகுதிகளில் நின்ற கட்சி 29இல் வென்றது. தி.மு.க. 23 இடங்களே பெற்றதால், விஜயகாந்த் எதிர்க்கட்சித் தலைவரானார். போட்டியிட்ட தொகுதிகள் குறைவாதலின், அவ்வாண்டின் 7.88 விழுக்காட்டை 2006இன் அளவோடு நேராக ஒப்பிடுதல் பொருந்தாது. ஆயினும் ‘கூட்டணி’ அதன் வழக்கமான பொருளுக்கே திரும்பியது என்பது தெளிவு. 2012 பிப்ரவரியில் சட்டமன்றத்தில் நிகழ்ந்த மோதலை ஒட்டி அவ்வுறவு முறிந்தது. 2016இல் மக்கள் நலக் கூட்டணியுடன் இணைந்து 104 தொகுதிகளில் நின்றபோது கிடைத்தவை ஏறத்தாழ 2.4 விழுக்காடு வாக்குகளே, ஓரிடமும் இல்லை.

முடிவுரை

தனிப்பெரும்பான்மை முறையில், மாநிலமெங்கும் பரவிய வாக்கு இடங்களாக மாறுவது அரிது. அவ்விடங்களைப் பெற உதவும் உடன்பாடோ, தனித்தன்மையை ஈர்ப்பாகக் கொண்ட கட்சியின் முதன்மைச் சொல்லையே பொருளற்றதாக்குகிறது. தே.மு.தி.க.வின் சரிவிற்குத் தலைவரின் உடல்நலக் குறைவு உள்ளிட்ட பிற காரணங்களும் உண்டு. எனினும், 2006இல் வாக்காளர் நம்பிய சொல்லுக்கு ஈடான வேறொரு சொல்லைக் கட்சி பின்னர் உருவாக்கவில்லை. சிறுகட்சிகளின் வளர்ச்சியை ஆராய்வோர், வாக்கு விழுக்காட்டோடு அதனைத் தாங்கிய சொற்களின் வாழ்நாளையும் கணக்கிற்கொள்ளுதல் வேண்டும்.