பழைய செல்லைத் திறப்பதற்கு முன்

லித்தியம் அயனி பேட்டரியின் மின்முனைகள் எப்படிக் கெடுகின்றன என்று ஆராய வரும் புதிய மாணவர்களுக்கு இது. திறந்த செல்லைத் திரும்ப மூட முடியாது.

செய்ய வேண்டியவை

• திறக்கும் முன், 20 மணி நேரத்துக்கு ஒரு சார்ஜ் என்ற நிதானத்தில் மின்னழுத்த வளைவை அளந்துவிடுங்கள். அதை வகையீடு செய்தால் கிராஃபைட்டின் படிநிலைகள் இடம் மாறியிருப்பது தெரியும். லித்தியம் வீணாகித் தீர்ந்ததா, மின்முனைப் பொருளே பழுதானதா என்பதற்குப் பாதி விடை அங்கேயே கிடைத்துவிடும்.

• முழுக்க டிஸ்சார்ஜ் செய்து, ஆர்கான் நிரப்பிய கிளவ் பாக்ஸுக்குள் திறவுங்கள். மின்பகுளியிலுள்ள உப்பு ஈரம் பட்டால் ஹைட்ரஜன் ஃபுளோரைடாக மாறும். அது உங்களுக்கும் ஆபத்து, மாதிரிக்கும் கேடு.

• பிரித்தவுடன் புகைப்படம் எடுங்கள். லித்தியம் நிறைந்த கிராஃபைட் தங்க நிறத்தில் மின்னும். டிஸ்சார்ஜ் ஆன பிறகும் ஒரு மூலையில் தங்கத் திட்டு மிஞ்சியிருந்தால், அந்த இடத்தில் மின்தொடர்பு அறுந்திருக்கலாம். சாம்பல் பூத்தாற்போன்ற படிவு தெரிந்தால், குளிரிலோ அவசரத்திலோ சார்ஜ் ஏற்றியதில் லித்தியம் உலோகமாகப் படிந்ததா என்று பாருங்கள்.

• ஒரு துண்டைக் கழுவுங்கள், இன்னொன்றைக் கழுவாமல் வையுங்கள். கழுவப் பயன்படும் டைமெத்தில் கார்பனேட் உப்போடு சேர்த்து மேற்படலத்தையும் கொஞ்சம் கரைக்கும்.

செய்யக்கூடாதவை

• லித்தியம் தகடு வைத்த காயின் செல்லைக் கொண்டு ஆயுளைக் கணிக்காதீர்கள். அந்தத் தகடு குறைவைச் சத்தமில்லாமல் ஈடுகட்டிக்கொண்டே இருக்கும். முழு செல்லில் அந்த வசதி இல்லை. ஒவ்வொரு சுழற்சியிலும் 0.1 சதவீத லித்தியம் சிக்கிக்கொண்டால் 1000 சுழற்சிக்குப் பின் மிஞ்சுவது ஏறக்குறைய 37 சதவீதம். இழப்பு 0.01 சதவீதமானால் 90 மிஞ்சும். அதனால்தான் தசமப் புள்ளிக்குப் பின்னால் வரும் இலக்கங்களுக்காக இத்தனை பாடுபடுகிறோம்.

• கண்ட விரிசலையெல்லாம் சுழற்சியின் தலையில் கட்டாதீர்கள். நிக்கல் மிகுந்த நேர்மின்முனை, 4.2 வோல்ட் நெருங்கும்போது படிக அடுக்குகள் சட்டெனச் சுருங்குவதால் விரிசல் விடுவது உண்மைதான். ஆனால் தயாரிப்பில் உருளையிட்டு அழுத்தும்போதே சில துகள்கள் உடைந்துவிடும், மாதிரியை வெட்டும் கத்தரிக்கோலும் தன் பங்குக்கு உடைக்கும். ஓடாத புதிய மின்முனையை ஒப்பிட மறந்து, நான் மூன்று மாத வேலையைத் தூக்கிப்போட்டிருக்கிறேன்.

• 60 டிகிரியில் வேகமாக மூப்பேற்றி, அதை அப்படியே 30 டிகிரிக்குப் பொருத்தாதீர்கள். சூட்டில் நடக்கும் வினைகள் வேறாக இருக்கலாம்.

• ஒரே ஒரு செல்லை வைத்து எதையும் எழுதாதீர்கள்.