'கள்ளத்தோணி' என்று எழுதுகிறவரைச் சட்டம் தொடுமா?

கேள்வி: தோட்டச் சம்பளம் பற்றி என் மகன் பேஸ்புக்கில் எழுதினான். 'கள்ளத்தோணி, இந்தியாவுக்குப் போ' என்று கீழே வரிசையாகப் போட்டிருக்கிறார்கள். இதைத் தண்டிக்கச் சட்டமே கிடையாதா? குடியேறிகளைத் தாக்குகிறார்கள் என்று பேஸ்புக்கிடம் முறையிடலாமா?
– வாசகி, ஹட்டன்

பதில்: சட்டமே கிடையாது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள், அம்மா. ஆனால் இலங்கையில் 2007 முதலே இருக்கிறது. குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச சமவாயச் சட்டம், இலக்கம் 56. அதன் 3ஆம் பிரிவின்படி, பாகுபாட்டையோ பகைமையையோ வன்முறையையோ தூண்டும் வகையில் இன, மத வெறுப்பைப் பரப்புவது குற்றம். பத்து வருடம் வரை கடூழியச் சிறை.

இதில் 'தூண்டும்' என்ற சொல்லைக் கவனியுங்கள். படிப்பவரை இன்னொருவருக்கு எதிராகக் கிளப்பிவிடுவதுதான் தூண்டுதல். வெறும் 'கள்ளத்தோணி', அதாவது திருட்டுப் படகில் வந்தவர் என்பது, மனதைக் கிழிக்கும் வசை. அது மட்டும் இந்தப் பிரிவுக்குள் வருவது கடினம். 'லயத்துக்குத் தீ வையுங்கள்' என்றால் சந்தேகமே இல்லை. 'இந்தியாவுக்குப் போ' இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. யார், எந்த நேரத்தில், எத்தனை பேருக்கு எழுதினார் என்பதைப் பொறுத்தே அது தூண்டுதலா என்று சொல்ல முடியும்.

அப்படியானால் இந்தச் சட்டம் ஏன் நமக்கு உதவவில்லை? அது பாரமான ஆயுதம். மேல் நீதிமன்றம் மட்டுமே, அதுவும் விசேட காரணம் இருந்தால்தான், பிணை தரலாம். 2019இல் சக்திக சத்குமார என்ற சிங்கள எழுத்தாளர் ஒரு சிறுகதைக்காக இதே சட்டத்தில் கைதாகி நான்கு மாதம் உள்ளே இருந்தார். கதை எழுதியவரை அப்படிப் பிடித்த சட்டம், உங்கள் மகனைத் திட்டியவர்களை எட்டிப் பார்த்ததா? ஆயுதம் யார் கையில் இருக்கிறது என்பதே பிரச்சினை என்பேன். 2024இன் நிகழ்நிலைக் காப்புச் சட்டம் பெரிதும் பொய்க் கூற்றுகளைக் குறிவைப்பது; வசைக்கு அது சரியான மருந்தல்ல.

உங்கள் இரண்டாவது கேள்வி மிக நல்ல கேள்வி. 'குடியேறி' என்று முறையிடாதீர்கள். பேஸ்புக்கின் விதிகளில் இனம், தேசிய பூர்வீகம், சாதி ஆகியவற்றுக்கு முழுப் பாதுகாப்பு உண்டு. குடியேறிகளுக்கோ மிகக் கடுமையான தாக்குதல்களிலிருந்து மட்டும்தான். திட்டுகிறவர் சூட்டிய பெயரையே நாமும் எடுத்தால் நம் காப்பு குறைந்துவிடும்! அதோடு அது உண்மையும் இல்லை. நம் முன்னோர் திருட்டுத்தனமாக வந்தவர்களா? கங்காணி ஆள் சேர்க்க, தமிழ்நாட்டின் மண்டபம் முகாமில் சோதனை முடிந்து, தோட்டத்தின் இலக்கம் பொறித்த தகரத் துண்டோடு அரசாங்கம் அறியவே வந்தார்கள். 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம்தான் அவர்களை நாடற்றவர்களாக்கியது. மிஞ்சியிருந்த நாடற்றவர்களுக்கும் 2003இன் 35ஆம் இலக்கச் சட்டம் வழி திறந்தது. உங்கள் மகன் இந்த நாட்டுப் பிரஜை.

பேஸ்புக் தானாகக் கண்டுபிடிக்கும் என்றும் காத்திருக்க வேண்டாம். 'கள்ளம்', 'தோணி' இரண்டும் சாதாரணச் சொற்கள். நஞ்சு நம் வரலாற்றில் இருக்கிறது, அகராதியில் இல்லை. 2018 மார்ச்சில் திகனையில் முஸ்லிம்களின் கடைகள் எரிந்தபோது சிங்களத்தில் பரவிய வெறுப்பைக்கூட அந்த நிறுவனம் தடுக்கவில்லை. 2020இல்தான் வருத்தம் தெரிவித்தது.

ஆகவே, இனத்தின் மீதான தாக்குதல் என்றே முறையிடுங்கள். அதற்கு முன் திகதியும் இணைப்பும் தெரியும்படி ஸ்க்ரீன்ஷொட் எடுத்து வையுங்கள். அழித்துவிட்டால் சாட்சி போய்விடும். மிரட்டலோ, தாக்கச் சொல்லும் அழைப்போ இருந்தால் அன்றே பொலிஸில் முறைப்பாடு கொடுங்கள். தமிழிலேயே கொடுக்க அரசியலமைப்பு உங்களுக்கு உரிமை தருகிறது. முறைப்பாட்டு இலக்கத்தை வாங்காமல் நிலையத்தை விட்டு வராதீர்கள்.