சிவப்பு விளக்குக்கு முன்னால் ஒரு பலகை

முன்னுரை

நம் கல்லூரிக்கு நாள்தோறும் புகைவண்டியில் வந்து போகும் மாணவர்கள் பலர் உளர். அவர்களுள் நானும் ஒருவன். சன்னலோரம் இடம் கிடைத்தால் வயல்களையும் குன்றுகளையும் பார்ப்போமே தவிர, தண்டவாளத்தை ஒட்டி மஞ்சளும் கறுப்புமாக நிற்கும் சிறு பலகைகளை யாரும் பார்ப்பதில்லை. அவை நமக்காக வைக்கப்பட்டவையும் அல்ல. வண்டியை ஓட்டுபவருக்காக வைக்கப்பட்டவை. ஆயினும் நம் உயிர் அவற்றைச் சார்ந்தே இருக்கிறது. இதை எனக்கு உணர்த்தியவர் என் தாய்மாமா. முப்பது ஆண்டுகளுக்கு மேல் இரயில் ஓட்டுநராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவர். அவர் சொன்னவற்றையும் வகுப்பில் நான் கற்ற இயற்பியலையும் இணைத்து இக்கட்டுரையை எழுதுகிறேன்.

வண்டி ஏன் உடனே நிற்பதில்லை?

சிவப்பு விளக்கைக் கண்டவுடன் நிறுத்திவிட்டால் போதாதா என்று ஒரு முறை மாமாவிடம் கேட்டேன். “நீ இயற்பியல்தானே படிக்கிறே? கணக்குப் போட்டுப் பாரேன்” என்றார். போட்டுப் பார்த்தேன்.

மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு நொடியில் ஏறத்தாழ 27.8 மீட்டர் தூரம் கடக்கிறது. தடை போட்டபின் அதன் வேகம் ஒவ்வொரு நொடியும் நொடிக்கு 0.5 மீட்டர் வீதம் குறைகிறது எனக் கொள்வோம். வேகத்தின் வர்க்கத்தை வேகக் குறைவின் இரு மடங்கால் வகுத்தால் நிற்கும் தூரம் கிடைக்கும். விடை ஏறத்தாழ 772 மீட்டர்! கண் கண்டு, மனம் உணர்ந்து, கை தடையைப் பிடிக்க இரண்டு நொடி ஆனால் மேலும் 56 மீட்டர் சேரும். ஆகவே வண்டி நிற்க முக்கால் கிலோமீட்டருக்கு மேல் வேண்டும். இதே வண்டி 60 கிலோமீட்டர் வேகத்தில் சென்றால், தடை போட்டபின் 278 மீட்டரிலும், 30 கிலோமீட்டர் வேகத்தில் சென்றால் சுமார் 70 மீட்டரிலும் நின்றுவிடும். வேகம் பாதியானால் நிற்கும் தூரம் கால் பங்காகிறது என்பதை நினைவில் கொள்க.

சிவப்பு விளக்கைக் கண்ட பிறகு நிறுத்த முயல்வது காலம் கடந்த முயற்சி என்பது இதனால் விளங்கும். ஓட்டுநருக்கு முன்கூட்டியே செய்தி சொல்ல வேண்டும். அதற்காகவே நிலையத்தின் முதல் நிறுத்தக் கைகாட்டிக்கு ஒரு கிலோமீட்டர் முன்னதாக ‘டிஸ்டன்ட்’ எனப்படும் தொலைக் கைகாட்டி உள்ளது. வேகமான தடங்களில் இரண்டு கிலோமீட்டர் முன்னதாக இன்னொன்றும் உண்டு. ஒற்றை மஞ்சள் எரிந்தால், ‘அடுத்த கைகாட்டியில் நிற்க ஆயத்தமாக வா’ என்று பொருள்.

பலகைகள் பேசும் மொழி

கைகாட்டிக் கம்பத்திலேயே சில வட்டத் தகடுகள் உண்டு. வெள்ளை வட்டத்தில் கறுப்பு எழுத்தாக ‘பி’ இருந்தால் அது தொலைக் கைகாட்டி. வெள்ளை வட்டத்தில் ‘ஏ’ இருந்தால் தானியங்கிக் கைகாட்டி. மஞ்சள் வட்டத்தில் ‘ஜி’ இருந்தால் இரயில்வே கேட்டைக் காக்கும் கைகாட்டி. ஒரே சிவப்பு விளக்குக்கு இடத்துக்கு இடம் வெவ்வேறு விதிமுறைகள் உண்டு. தானியங்கிக் கைகாட்டியின் சிவப்பில் பகலில் ஒரு நிமிடமும் இரவில் இரண்டு நிமிடமும் நின்று, பிறகு மிக மெதுவாகச் செல்லலாம். விதி இடம் தராத இடத்தில் அவ்வாறு செய்தால் அது பெருங்குற்றம்.

என்னைப் பெரிதும் கவர்ந்தது ‘சிக்மா’ பலகை. நம் கணிதப் பாடத்தில் தொகையைக் குறிக்கும் அதே கிரேக்க எழுத்துத்தான்! மின்மயமான தடங்களில், கைகாட்டிக்கு இரண்டு மின்கம்பங்களுக்கு முன்னால் உள்ள கம்பத்தில் இது பொருத்தப்படுகிறது. வண்டியின் விளக்கொளி பட்டால் பளிச்சென மின்னும். பனி மூடிய வட இந்தியத் தடங்களில், ‘இதோ கைகாட்டி வருகிறது, கண்ணைத் திருப்பு’ என்று இது சொல்கிறது. கைகாட்டி வருவதை இன்னும் முன்னதாக அறிவிக்கும் பலகைகளும் உண்டு. அவ்விடங்களில் பனிக்காலத்தில் தண்டவாளத்தின் குறுக்கே சுண்ணாம்புக் கோடும் இடுவர்.

கண்ணால் எதையும் காண முடியாதபோது காதுக்குச் செய்தி சொல்வர். கைகாட்டிக்கு 270 மீட்டர் முன்னால், 10 மீட்டர் இடைவெளியில், இரண்டு வெடிகளைத் தண்டவாளத்தின் மேல் வைப்பர். சக்கரம் ஏறியதும் அவை வெடிக்கும். டெட்டனேட்டர் எனப்படும் இவற்றை எங்கள் மாமா ‘பட்டாசு’ என்றே சொல்வார். இதை உருவாக்கியவர் எட்வர்டு ஆல்ஃபிரட் கூப்பர் என்னும் ஆங்கிலேயர்.

ஓர் இரவு

ஒரு நாள் நான் மாமாவை மடக்க எண்ணினேன். “மின்கம்பங்களின் இடைவெளி அதிகமாகப் போனால் 72 மீட்டர். இரண்டு இடைவெளி 144 மீட்டர். நூறு கிலோமீட்டர் வேகத்தில் அது ஐந்தே நொடி. அதற்குள் எப்படி நிறுத்துவீர்கள்? சிக்மா பலகையால் என்ன பயன்?” என்றேன்.

அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு இதுவரை வீட்டில் யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொன்னார். வடநாட்டில் பணியாற்றிய காலம். தூறல் விழுந்த நள்ளிரவு. தொலைக் கைகாட்டியில் மஞ்சள். அவரும் உதவி ஓட்டுநரும் விதிப்படி வாய்விட்டு ‘மஞ்சள்’ என்று சொல்லிக்கொண்டார்கள். வேகத்தை முப்பதுக்குக் குறைத்தார். அன்று காலைதான் அத்தைக்கு அறுவை சிகிச்சை. மனம் ஊருக்குப் போய்விட்டது. வளைவு திரும்பியதும் சிக்மா பலகை பளீரென்று மின்னியது. கை தானாகத் தடையைப் பிடித்தது. சிவப்பு விளக்குக்குச் சில அடிகள் முன்னால் வண்டி நின்றது. கைகாட்டிக்கு அப்பால், நிலையத்தில் வேறொரு பயணி வண்டி நின்றுகொண்டிருந்ததாம்.

“போர்டு வண்டியை நிறுத்தாது மாப்பிள்ளை. நாமதான் நிறுத்தணும். நாம எங்கே இருக்கோம்னு அது ஞாபகப்படுத்தும், அவ்வளவுதான். மஞ்சளைப் பார்த்து நான் வேகத்தைக் குறைக்காம இருந்தா, அந்தப் பலகையாலே ஒரு பயனும் இல்லை” என்றார்.

என் கணக்கு தவறில்லை. என் கேள்விதான் தவறு. ஒவ்வொரு பலகையும் அதற்கு முந்தைய அறிவிப்பை நம்பியே நிற்கிறது. தொலைக் கைகாட்டி வேகத்தைக் குறைக்கிறது. சிக்மா கவனத்தை மீட்கிறது. சிவப்பு நிறுத்துகிறது. இம்மூன்றும் சேர்ந்ததே பாதுகாப்பு.

இலண்டன் தந்த பாடம்

பழியை ஓட்டுநர் மீது மட்டும் சுமத்துவது எளிது. 1999 அக்டோபர் 5 அன்று காலை, இலண்டன் பாடிங்டன் நிலையத்திலிருந்து புறப்பட்ட வண்டி ஒன்று, லாட்புரோக் குரோவ் என்னுமிடத்தில் சிவப்புக் கைகாட்டியைத் தாண்டி எதிரே வந்த விரைவு வண்டியுடன் மோதியது. 31 பேர் உயிரிழந்தனர். அதே கைகாட்டியை முந்தைய ஆறு ஆண்டுகளில் எட்டு முறை வண்டிகள் தாண்டியிருந்தன என்பது பின்னர் தெரிய வந்தது. அது ஓட்டுநர் கண்ணுக்கு எளிதில் புலப்படாத நிலையில் அமைந்திருந்தது. எட்டு முறை நேர்ந்த ஒன்றை எட்டுப் பேரின் கவனக்குறைவு என்று மட்டும் சொல்லிவிட முடியுமா? கைகாட்டி தெளிவாகத் தெரியும்படி வைப்பதும், மறைக்கும் மரக்கிளையை வெட்டுவதும், மங்கிய பலகைக்கு வண்ணம் பூசுவதும் பிறர் கடமை அல்லவா?

முடிவுரை

சிவப்பைத் தாண்ட முற்பட்டால் வண்டியைத் தானே நிறுத்தும் ‘கவச்’ என்னும் கருவி இன்று நம் நாட்டில் பொருத்தப்பட்டு வருகிறது. எல்லாத் தடங்களுக்கும் அது இன்னும் வந்து சேரவில்லை. அதுவரை, ஏன், அதற்குப் பின்னும், இந்த எளிய பலகைகள் வேண்டும். கருவியை நம்பி மனிதன் கண்ணை மூடிக்கொள்ளலாகாது.

நண்பர்களே! அடுத்த முறை வண்டியில் வரும்போது, நடுவழியில் வண்டி நின்றால் அலுத்துக்கொள்ளாதீர்கள். எங்கோ ஒரு சிவப்பு விளக்கு எரிகிறது. ஒருவர் அதைப் பார்த்துவிட்டார் என்று மகிழுங்கள். முதல் வகுப்புக்குச் சற்றுத் தாமதமாகப் போனால், நம் பேராசிரியர்களும் பொறுத்துக்கொள்வார்கள் என்று நம்புகிறேன்.