தற்காப்புரிமையும் அதன் வரம்பும்

களத்து நெல்லைக் காவல் காக்கும் உழவர் ஒருவர், இருளில் மூட்டையைத் தூக்கிச் செல்லும் திருடனைக் காண்கிறார். கையில் தடி இருக்கிறது. அதனை எம்மட்டும் பயன்படுத்தலாம்? இதனை அறியாமையால், உடைமையைக் காக்கப் புறப்பட்டவரே குற்றவாளிக் கூண்டில் நிற்க நேர்வதுண்டு.

1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 96 முதல் 106 வரையுள்ள பிரிவுகள் தற்காப்புரிமையை வகுத்திருந்தன. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரையுள்ள பிரிவுகளில் அஃது இடம்பெற்றுள்ளது. தம் உடலையும் உடைமையையும் மட்டுமன்றிப் பிறருடையவற்றையும் காக்க ஒருவருக்கு உரிமை உண்டு. ஆயினும் அதற்கு மூன்று வரம்புகள் உள.

முதலாவது, அளவு. காப்பதற்குத் தேவையான அளவுக்கு மேல் தீங்கு செய்யலாகாது. அரிவாளை ஓங்கி வருபவன் முன் நிற்பவர் தம் அடியைத் தராசிலிட்டு நிறுக்க இயலாது என்பதை நீதிமன்றங்களும் ஏற்றுள்ளன. உயிர் போகும் அல்லது கொடுங்காயம் நேரும் என்று அஞ்சத் தக்க காரணம் இருப்பின், தாக்க வந்தவன் இறக்க நேரினும் சட்டம் துணை நிற்கும். வெறும் திருட்டு அவ்வகையைச் சேர்ந்ததன்று. மூட்டைத் திருடனைத் தடுக்கலாம், பிடிக்கலாம், கொல்லலாகாது. வயலைச் சுற்றி மின்சாரம் பாய்ச்சிய கம்பி இடுவதும் தற்காப்பு ஆகாது. அது வழிதவறி வருபவரையும் கொன்றுவிடும்.

இரண்டாவது, காலம். ஆபத்து தொடங்கும்போது உரிமை தொடங்குகிறது. அது நீங்கும்போது முடிகிறது. பொருளுடன் ஓடுபவனைத் துரத்தி மீட்கலாம். மீட்டு, அவனைக் கட்டிவைத்த பின் விழும் ஒவ்வோர் அடியும் பழிவாங்கலே. மறுநாள் கூட்டங்கூடிச் சென்று தாக்குவதும் அத்தகையதே.

மூன்றாவது, காவல் துறை போன்ற அதிகாரிகளின் உதவியை நாட நேரமிருக்குமிடத்து இவ்வுரிமை இல்லை. நிலத் தகராறுகளில் இதனைக் கருத்தில் இருத்துதல் வேண்டும். ஆக்கிரமிப்பு நிகழும் வேளையிலேயே உரியவர் அதனைத் தடுக்கலாம். ஆனால், ஆக்கிரமித்தவர் நிலையான அனுபோகம் பெற்றுப் பயிரும் இட்டுவிட்டால், உண்மையான உரிமையாளரும் அப்பயிரை அழித்து நிலத்தை வலிந்து கைப்பற்றலாகாது. சட்ட வழியிலேயே மீட்க வேண்டும். பூரண் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1975இல் உரைத்த நெறி இது.

ஆகவே, வரப்புத் தகராறு எழுந்தவுடன் நில அளவைக்கு மனுச் செய்விப்பதும், கைகலப்பு மூளும் அறிகுறி தென்பட்டால் காவல் நிலையத்துக்கு அறிவிப்பதும் ஊராட்சி உறுப்பினர்களின் கடமையாகும். “அடித்து விரட்டுங்கள்” என்று அவர்கள் சொல்லும் ஒரு சொல், இரு குடும்பங்களைப் பல்லாண்டு நீதிமன்ற வாயிலில் நிறுத்திவிடும்.