மருந்துச்சீட்டில் வீட்டையும் எழுது

அன்புள்ள தங்கைக்கு,

கிளினிக் திறந்து வருஷம் முடிவதற்குள் நீ கேட்டிருக்கும் கேள்வியை, மாடும் நாயும் பார்த்துப் பழகிய என் தலைமுறை மருத்துவர்கள் வெகு காலம் கழித்துத்தான் கேட்டோம். "அதே கடுவன் பூனை, அதே மூத்திரக் கோளாறு, மூன்றாவது தடவையாக வந்து நிற்கிறது. எங்கே தவறுகிறேன்?" என்று எழுதியிருக்கிறாய். உன் சிகிச்சை சரிதான், பாதியில் நின்றுவிடுகிறது. மீதிப் பாதி அந்தப் பூனையின் வீட்டில் நடக்க வேண்டியது. உன்னைப் போல இன்னும் பலர் இதையே கேட்பதால், பதிலைப் பொதுவில் எழுதுகிறேன்.

முதலில் ஒரு கோடு கிழித்துக்கொள். மூத்திரம் போகிற பூனை வேறு. போகாத பூனை வேறு. சிறுநீர்ப்பை அழற்சி கடுவனுக்கும் வரும், பெட்டைக்கும் வரும். அடைப்பு மட்டும் பெரும்பாலும் கடுவனுக்குத்தான். அதன் சிறுநீர்த்தாரை குறியின் நுனியில் மிகவும் குறுகுவதால், கொஞ்சம் சளியும் படிகமும் சேர்ந்த அடைப்பானோ, வலியால் வந்த இறுக்கமோ போதும், வழி மூடிவிடும்.

அடைபட்ட பூனையின் சொந்தக்காரர் உன்னிடம் வந்து 'மூத்திரம் அடைச்சிருக்கு' என்று சொல்லமாட்டார். "ரெண்டு நாளா வெளிக்கிப் போகல டாக்டர், முக்கிக்கிட்டே இருக்கு. விளக்கெண்ணெய் குடுத்துப் பார்த்தோம்" என்பார். முக்குகிற கடுவன் எதுவானாலும் உன் கை முதலில் போக வேண்டிய இடம் அடிவயிறு. பை கல் போல இறுகி, தொட்டால் பூனை அலறினால், மற்ற கேள்விகளை எல்லாம் பிறகு கேள். போன் எடுக்கும் உன் உதவியாளருக்கும் சொல்லிவை: 'கடுவன்', 'முக்குது' என்ற இரண்டு சொல்லும் சேர்ந்து காதில் விழுந்தால் மாலை டோக்கன் கிடையாது, உடனே கிளம்பி வரச் சொல்ல வேண்டும். முழு அடைப்பில் ஓரிரு நாளுக்குள் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயத்தைப் பிடித்துவிடும். பயந்து வந்த பூனைக்கு இதயம் வேகமாகத்தான் அடிக்க வேண்டும். மெதுவாக அடித்தால் அது ஆபத்தின் அறிகுறி. ஈசிஜியில் பி அலை காணாமல் போய், டி அலை உயர்ந்திருந்தால், கதீட்டரைத் தொடுவதற்கு முன் கால்சியம் குளுக்கோனேட். அடைப்பு நீங்கியதும் பூனை மூத்திரமாகக் கொட்டும். போகிற அளவைப் பார்த்து டிரிப்பைக் கூட்டு. இதெல்லாம் கல்லூரியில் படித்ததுதான், நீட்டவில்லை.

வீட்டில் யாராவது பாராசிட்டமால் கொடுத்தார்களா என்று மட்டும் மறக்காமல் கேள். மனிதனின் வலிக்கு நல்லது பூனைக்கு விஷம் என்பது நம் ஊரில் இன்னும் பல பேருக்குத் தெரியாது.

இனி உன் உண்மையான கேள்விக்கு வருகிறேன். பை காலியாக இருக்கிறது, அடைப்பு இல்லை. ஆனால் சொட்டுச் சொட்டாகப் போகிறது, ரத்தம் கலந்திருக்கிறது, குறியை நக்கிக்கொண்டே இருக்கிறது, சோபாவிலும் குளியலறை மூலையிலும் போய்வைக்கிறது. பத்து வயதுக்குக் கீழே உள்ள இப்படிப்பட்ட பூனைகளில் பாதிக்கு மேல், எவ்வளவு தேடினாலும் கல்லோ கிருமியோ கிடைக்காது. காரணம் பிடிபடாத சிறுநீர்ப்பை அழற்சி என்றுதான் முடிவு எழுத வேண்டியிருக்கும். கல் இருப்பவை ஏறக்குறைய ஐந்தில் ஒன்று. இளம் பூனைகளில் கிருமித் தொற்று அபூர்வம். வயதானவற்றில்தான் அது கூடுகிறது.

அப்படியிருந்தும் நாம் எல்லோரும் ஆன்டிபயாடிக் எழுதுகிறோம். ஏன்? பலிக்கிறது போலத் தெரிவதால். இந்த அழற்சி பெரும்பாலான பூனைகளில் மருந்தே இல்லாமல் ஐந்து முதல் ஏழு நாளில் தானாக அடங்கிவிடும். நீ எழுதுவதும் ஐந்து நாள் கோர்ஸ். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை இது. பேர் மாத்திரைக்குப் போகிறது; வீட்டில் எதுவும் மாறவில்லை என்பதால் இரண்டு மாதத்தில் பூனை திரும்பி வருகிறது; நீ வேறு மாத்திரை தேடுகிறாய். ஸ்டீராய்டின் கதையும் இதுவே. இந்த நாட்களில் பூனைக்கு உண்மையில் தேவைப்படுவது வலி நிவாரணம். அதில் கஞ்சம் பிடிக்காதே. ஆன்டிபயாடிக்கைக் கல்ச்சர் பார்த்து எழுது.

நுண்ணோக்கியில் படிகம் தெரிந்தாலும் அவசரப்படாதே. நோயே இல்லாத பூனையின் மூத்திரத்திலும் படிகம் இருக்கும். மாதிரியை ஃபிரிட்ஜில் வைத்துவிட்டுச் சாயங்காலம் பார்த்தால் புதிதாகவும் உண்டாகியிருக்கும். எடுத்த சூட்டோடு பார், எக்ஸ்ரேயோ ஸ்கேனோ எடுத்துக் கல் இருக்கிறதா என்று உறுதி செய், அப்புறம் பேசு.

அப்படியானால் இந்த அழற்சி எங்கிருந்து வருகிறது? அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் டோனி பஃபிங்டன் என்ற கால்நடை மருத்துவர் பல ஆண்டுகள் இதைத்தான் துருவினார். இந்தப் பூனைகளின் பரிவு நரம்பு மண்டலம் எப்போதும் முடுக்கிவிட்ட நிலையில் இருக்கிறது; அதை அடக்க வேண்டிய கார்டிசால் சுரப்போ தேவைக்குக் குறைவு. அச்சம் வந்தால் அது பையின் சுவரில் வலியாக இறங்குகிறது. 2006-ல் அவரும் சகாக்களும் 46 வீட்டுப் பூனைகளின் சொந்தக்காரர்களுக்கு, பூனை வாழும் சூழலை எப்படி மாற்றுவது என்று சொல்லிக்கொடுத்துப் பத்து மாதம் தொடர்ந்து கவனித்தார்கள். மூத்திரக் கோளாறு குறைந்தது. கூடவே பூனைகளின் பயமும் பதற்றமும், மூச்சுக்குழல் தொந்தரவுகளும்கூடக் குறைந்தன. 2011-ல் அதே பல்கலைக்கழகத்திலிருந்து வந்த இன்னொரு ஆய்வு இதைவிடச் சுவையானது. நோயுள்ள பூனைகளோடு நலமான பூனைகளையும் 77 வாரம் கவனித்தார்கள். பராமரிப்பவர் மாறினாலோ, வழக்கமான நேரம் தவறினாலோ, நலமான பூனைகளும் சாப்பாட்டைக் குறைத்தன, வாந்தி எடுத்தன, மண் தட்டுக்கு வெளியே போயின. நீ அவற்றைக் கிளினிக்கில் பார்த்திருந்தால் நோயாளி என்றுதான் சீட்டு எழுதியிருப்பாய்.

ஒன்று சொல்கிறேன், அடைப்பிலும் அச்சத்துக்குப் பங்கு உண்டு. 2010-ல் வெளியான ஓர் ஒஹாயோ ஆய்வில், கதீட்டர் சிகிச்சைக்குச் செலவு செய்ய வழியில்லாதவர்களின் 15 கடுவன்களுக்கு மயக்கமும் வலி நிவாரணமும் கொடுத்து, பையை ஊசியால் காலி செய்து, சந்தடியில்லாத இருட்டறையில் வைத்தார்கள். 11 பூனைகள் தாமாகவே மூத்திரம் பெய்தன. ரத்தம் மோசமாகக் கெட்டுப்போகாத பூனைகளாகப் பார்த்து எடுத்தவை அவை. பலிக்காத பூனைகளில் வயிற்றுக்குள் கசிவும் ஏற்பட்டது. ஆகவே கதீட்டருக்குப் பதிலாக இதைக் கையில் எடுக்காதே. அமைதி என்பதும் ஒரு மருந்து என்பதற்குச் சாட்சியாக மட்டும் மனதில் வை. உன் உள்நோயாளிப் பூனைக் கூண்டு குரைக்கிற நாய்க்கு எதிரே இருந்தால், இன்றே இடம் மாற்று.

வீட்டு வைத்தியத்தில் முதலாவது தண்ணீர். பூனையின் மூதாதை வறண்ட நிலத்துக் காட்டுப்பூனை. இரையின் உடலிலிருந்தே நீரை எடுத்துக்கொண்டு, மூத்திரத்தைக் கெட்டியாக்கி வாழப் பழகியது. தாகம் எடுத்துக் கிண்ணத்தைத் தேடும் பழக்கம் அதற்குக் குறைவு. நான்கு கிலோ பூனை ஒன்று நாளுக்குச் சுமார் 60 கிராம் ட்ரை ஃபுட் தின்றால் உணவின் வழியே கிடைக்கும் நீர் ஐந்தாறு மில்லிதான். அதே சத்தைப் பவுச் உணவாகத் தின்றால் 200 மில்லியை நெருங்கும். 1999-ல் வெளியான ஓர் ஆய்வில், ஈர உணவு தின்ற பூனைகளில் ஓராண்டுக்குள் நோய் திரும்பியது 11 சதவீதத்துக்கு. அதே வகை உணவை உலர்ந்த வடிவில் தின்றவற்றில் 39 சதவீதத்துக்கு. மூத்திர அடர்த்தியை 1.035-க்குக் கீழே கொண்டுவருவதை இலக்காக வை. ரிஃப்ராக்டோமீட்டர் சின்னக் கருவிதான், வாங்கிப் போடு. ஒவ்வொரு வருகையிலும் அளந்து சொந்தக்காரருக்குக் காட்டு. எண் இறங்குவதைக் கண்ணால் பார்த்தால் அவருக்கும் நம்பிக்கை வரும்.

எல்லோராலும் பவுச் வாங்க முடியாது. ட்ரை ஃபுட்டை வெந்நீரில் ஊறவைத்துக் கொடுக்கச் சொல். உப்பு, வெங்காயம், பூண்டு போடாமல் வேகவைத்த கோழித் தண்ணீரும் மீன் தண்ணீரும் நல்ல வழி. வெங்காயமும் பூண்டும் பூனையின் ரத்த அணுக்களை உடைப்பவை. 'நம்ம குழம்புல இருந்து கொஞ்சம்' என்பதை மென்மையாக நிறுத்து. மத்தி மீனும் சோறும் மட்டுமே தின்று வளரும் பூனை உன்னிடம் நிறைய வரும். பச்சை மீன் தயமினைக் கெடுக்கும். கொழுப்பு மீனே கதியென்றால் வைட்டமின் ஈ போதாது. டாரின் குறைந்தால் இதயமும் கண்ணும் போகும். வேகவைக்கும்போது டாரின் தண்ணீரில் இறங்கிவிடும் என்பதால் அந்தத் தண்ணீரையும் சேர்த்தே கொடுக்கச் சொல். ஆனாலும் வீட்டுச் சாப்பாட்டை மட்டும் நம்பியிருக்க விடாதே. கருவாடு வேண்டாம். வாழைத்தண்டுச் சாறும் நெருஞ்சில் கஷாயமும் மனிதக் கல்லுக்கு வைத்துக்கொள்ளட்டும். பூனையின் வாயைப் பிளந்து ஊற்றுகிற போராட்டமே அதற்கு இன்னொரு பயம்.

கல் இருந்தால் எந்தக் கல் என்று பார். ஸ்ட்ரூவைட் கல்லை, அதற்கென்று செய்த உணவால் சில வாரங்களில் கரைத்துவிடலாம். கால்சியம் ஆக்சலேட் கரையாது, எடுக்கத்தான் வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு மூத்திரத்தை அமிலமாக்குவதன் விலையை வரலாறு காட்டியிருக்கிறது. மின்னசோட்டா பல்கலைக்கழகக் கல் ஆய்வு மையத்துக்கு 1981-ல் வந்த பூனைக் கற்களில் நான்கில் மூன்றுக்கு மேல் ஸ்ட்ரூவைட். ஆக்சலேட் வெறும் 2 சதவீதம். மெக்னீசியம் குறைத்து அமிலம் கூட்டிய உணவுகள் பரவிய பிறகு, 2000-களின் தொடக்கத்தில் ஆக்சலேட் பாதியைத் தாண்டியிருந்தது. மாற்றத்துக்கு அந்த உணவுகள் மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது என்றாலும், அமிலமாக்கும் மருந்தைச் சும்மா எழுதாதே.

உணவை ஒரே நாளில் மாற்றவும் சொல்லாதே. பழையதில் புதியதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து பத்து நாளாவது எடுக்கட்டும். 'பசிச்சா தானா தின்னும்' என்று குண்டுப் பூனையைப் பட்டினி போட்டால் கல்லீரலில் கொழுப்பு படிந்து உயிருக்கே உலை வைக்கும்.

இரண்டாவது, வீடு. இங்கேதான் உன் நேரம் போக வேண்டும், நாம் யாரும் கொடுக்காத நேரமும் இதுதான். "வீட்ல ஏதாவது டென்ஷனா?" என்று கேட்டால் "ஒண்ணுமில்ல டாக்டர்" என்றுதான் பதில் வரும். அவர்களுக்கு உண்மையிலேயே ஒன்றுமில்லை, பூனைக்குத்தான் இருக்கிறது. குறிப்பாகக் கேள். போன மாதம் பெயின்ட் அடித்தீர்களா? ஊரிலிருந்து யார் வந்து தங்கினார்கள்? புதுப் பூனை, புதுக் குழந்தை உண்டா? வீட்டில் ஒருவர் வேலைக்காக வெளியூர் போய்விட்டாரா? ஜன்னலில் தெருக் கடுவன் வந்து உட்காருகிறதா? தீபாவளிக்குப் பிந்தைய வாரத்தில் இந்தப் பூனைகள் வந்தால் வெடிச் சத்தத்தைப் பற்றிக் கேட்காமல் விடாதே.

அப்புறம் மண் தட்டு. எத்தனை, எங்கே, எவ்வளவு பெரியது? பூனைக்கு ஒன்று, அதற்கு மேல் ஒன்று என்பது கணக்கு. பூனையின் நீளத்தில் ஒன்றரை மடங்கு நீளம் வேண்டும். வாசனை போட்ட மண் வேண்டாம். தினமும் அள்ள வேண்டும். நம் ஃப்ளாட்களில் அது வெயில் கொளுத்தும் பால்கனியிலோ வாஷிங்மெஷின் பக்கத்திலோதான் இருக்கும். துணி உலர்த்தப் போனவர் கதவைச் சாத்திவிட்டால் பூனை மாலைவரை அடக்கிக்கொண்டிருக்கும். இரண்டு பூனை இருந்தால் ஒன்று வழியை மறித்துப் படுத்துக்கொண்டே மற்றதை மிரட்டும், சத்தமே வராது. 'ரெண்டும் நல்ல ஃப்ரெண்ட்ஸ்' என்பார்கள். சாப்பாடு, தண்ணீர், தட்டு எல்லாம் இரண்டு இடமாகப் பிரியட்டும். உயரத்தில் ஓர் அலமாரித் தட்டைக் காலி செய்து கொடுக்கட்டும். ஒளிந்துகொள்ள ஓர் அட்டைப்பெட்டி காசில்லாத வைத்தியம். தினமும் ஒரே நேரத்தில் சாப்பாடும் பத்து நிமிட விளையாட்டும் இருந்தால் எடையும் இறங்கும், மனமும் அடங்கும்.

இத்தனையையும் ஒரே நாளில் சொல்லாதே. பாதி காதில் விழாது, மீதி குற்றச்சாட்டாக விழும். சோபாவை நாசம் செய்த பூனையின் மேல் கோபத்தில் இருப்பவரிடம் 'வேணும்னு செய்யல, வலியில செய்யுது' என்பதை முதலில் சொல். அடி நின்றால் அதுவே பாதிப் பயத்தைக் குறைக்கும். பிறகு அந்த வீட்டால் முடிகிற இரண்டு மாற்றங்களை மட்டும் மருந்துச்சீட்டில், மாத்திரைப் பெயருக்கு மேலே எழுது. இந்த நோய் திரும்பி வரக்கூடியது என்பதையும் அன்றே சொல்லிவிடு. முன்னே சொன்னால் மருத்துவம், பின்னே சொன்னால் சாக்கு.

மறு அடைப்பைத் தடுக்கும் என்று பிராசோசின் எழுதும் வழக்கம் உண்டு. அதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. திரும்பத் திரும்ப அடைத்தால் தாரையை அகலப்படுத்தும் அறுவையைப் பற்றி யோசிக்கலாம். ஆனால் அது வழியைத்தான் பெரிதாக்கும். அழற்சி அப்படியே இருக்கும், கிருமித் தொற்றுக்கு வாய்ப்பும் கூடும். வீட்டை மாற்றாமல் கத்தியை எடுக்காதே.

ஒரு வாரத்தில் ஒரு போன், ஒரு மாதத்தில் ஒரு மறுவருகை என்று நாட்குறிப்பில் போட்டுக்கொள். பேசுகிற நேரத்துக்குக் கட்டணம் வாங்கக் கூச்சப்படாதே. ஊசிக்குக் காசு கொடுக்கிறவர்கள், பூனை ஒரு வருஷம் நன்றாக இருந்தால் பேச்சுக்கும் கொடுப்பார்கள். அந்த மூன்றாம் முறைக் கடுவனின் வீட்டாரை நாளை மறுபடி கூப்பிடு. பூனையைக் கொண்டுவர வேண்டாம், அந்தப் பயணமே அதற்குப் பயம். வீட்டை வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லி, தட்டிலிருந்து தொடங்கு.

அன்புடன்,
உன் சீனியர்